பத்தொன்பதாம் நம்பரும் நாயின் வலது பக்கமும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைப்பது முழுக்க வாயால்தான். அலுவிகாரையில், பெரிய ரோட்டை ஒட்டிய ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில், பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு மரம் மட்டைகளைக் காட்டிப் பேசுவது என் தொழில். இது மிளகுக் கொடி, இது கறுவாப் பட்டை, இது சாதிக்காய், இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள் என்று ஆரம்பிப்பேன். கடைசியில் போத்தல்கள் அடுக்கிய கூடத்துக்குள் அவர்களைக் கொண்டுபோய் விட்டால் என் வேலை முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பஸ்ஸும் தமிழ்நாட்டிலிருந்து வருகிற சுற்றுலாக் கூட்டமும் என் பங்கு. சிங்களத்திலும் சரளமாகப் பேசுவேன். இங்கிலீஷில் பேசும்போது மட்டும் நாக்கை விடக் கைகள் அதிகம் உழைக்கும்.

எங்கள் போத்தல்களுக்குப் பெயரை விட நம்பர்தான் முக்கியம். ஏழாம் நம்பர் தலைமுடிக்கு, பதினொன்று மூட்டுவலிக்கு, பதினான்கு தொப்பைக்கு, பத்தொன்பது தோலுக்கு. அரிப்பு, சொறி, பூச்சிக்கடி, தோலில் எது வந்தாலும் பத்தொன்பது. கராம்பு எண்ணெயும் கறுவா எண்ணெயும் சேர்ந்த சிவப்புத் தைலம் அது. ஒரே ஒரு சொட்டை வந்தவரின் புறங்கையில் விட்டுத் தேய்ப்பேன். அவர் "எரியுதே" என்பார். நான் சற்றும் தாமதிக்காமல், "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்ங்க" என்பேன். பதினோரு வருடங்களாக இந்த வசனத்தைச் சொல்லி வருகிறேன். அந்தப் போத்தலை என் சொந்த உடம்புக்காக ஒருநாளும் திறந்ததில்லை. பூசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இந்தத் தொழிலால் உக்குவளையில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் எனக்கு 'டொக்டர்' என்று பட்டம். அது மரியாதைக்காகக் கொடுத்த பட்டம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பட்டத்தைச் சூட்டியவர் எதிர்வீட்டு நானா. நானா என்றால் முஸ்லிம்களிடத்தில் அண்ணன். வீட்டின் முன்பகுதியிலேயே சில்லறைக் கடை வைத்திருக்கிறார், ஐந்து வேளை தொழுகிறார், மிச்ச நேரத்தில் என்னைக் கேலி செய்கிறார்.

இனி நாயைப் பற்றிச் சொல்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரயில் பாதையோரம் குட்டியாகக் கண்டெடுத்துப் புத்தகப் பையில் போட்டுக் கொண்டுவந்த மண்நிற நாய் அவன். அவனுக்கு மகள் வைத்த பெயர் ஒன்று உண்டு. இங்கே 'அவன்' என்றே சொல்கிறேன், ஏனென்றால் நடந்த கதையில் மானம் போனவன் நான்தான், அவன் பெயர் எதற்குக் கெட வேண்டும்? ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் நானாவின் கடை முனையில் நிற்பான். அங்கிருந்து வீடுவரை எனக்கு ஓரடி முன்னால் நடப்பான். உலகத்தில் யாரும் எனக்காகக் காத்து நின்றதில்லை, அவனைத் தவிர.

மகள் படிக்க மட்டக்களப்புக்குப் போன அன்று, மாத்தளை பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாள்.

"அப்பா, அவனுக்கு என்ன வந்தாலும் ஒங்க கார்டன் மருந்து ஒண்ணும் பூசக் கூடாது. மிருக டொக்டர்கிட்டதான் கொண்டு போகணும். சத்தியம் பண்ணுங்க."

"நான் என்ன அவ்வளவு மடையனா?"

"அதெல்லாம் பேசாதீங்க. சத்தியம்."

பண்ணினேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நீங்க பேசியே ஏமாத்திருவீங்க. லீவுக்கு வந்து நான் அவன்கிட்டயே கேட்டுக்குவேன்" என்றாள்.

"நாய் வந்து சாட்சி சொல்லுமா?" என்று கத்தினேன்.

"அவன் பொய் சொல்ல மாட்டான்ல!"

பஸ் ஸ்டாண்டில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவன் சொறிய ஆரம்பித்தான். முதலில் காதுக்குப் பின்னால், பிறகு வாலடியில், பிறகு வலது தொடையிலிருந்து விலாவரைக்கும். பின்னங்கால் தரையில் அடிக்கிற சத்தம் சமையலறைவரை கேட்கும். பல்லால் கடித்துக் கடித்து வலது பக்கத்தில் ஒரு கையகலத்துக்கு முடியே இல்லாமல் பண்ணிவிட்டான். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம மிருக டொக்டர்கிட்ட கொண்டு போவோம்ங்க" என்றாள். நானும் தலையாட்டினேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதுதான் பிரச்சினை.

மனைவி காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து அவன் சொறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பை அருகில் இருந்தது. பைக்குள் முந்தின நாள் காட்சிக்கு எடுத்த பத்தொன்பதாம் நம்பர் போத்தல் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சத்தியம் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது: திங்கட்கிழமைக்குள் இது ஆறிவிட்டால்? மகளிடம் சொல்லலாம், மனைவியிடம் சொல்லலாம், முக்கியமாக நானாவிடம் சொல்லலாம். ஊரையெல்லாம் பதினோரு வருடம் நம்ப வைத்த வாய் அன்றைக்கு என்னையும் நம்ப வைத்துவிட்டது. என் பேச்சை முழுசாக நம்பி அந்தத் தைலத்தை எடுத்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

வந்தவர்களுக்கு ஒரு சொட்டு விடுகிறவன், சொந்த நாய் என்பதால் தாராளம் காட்டினேன். உள்ளங்கை நிறைய ஊற்றி, முடியில்லாத அந்த இடத்தில் வைத்து நன்றாகத் தேய்த்தேன்.

இரண்டு விநாடி அவன் அசையவில்லை, என் முகத்தையே பார்த்தான். பிறகு ஊளையிட்டான். வீட்டை மூன்று சுற்று ஓடினான். கொடியில் காய்ந்த சேலையை இழுத்துக்கொண்டு ஓடினான். மனைவி நட்டிருந்த இஞ்சிப் பாத்தியில் புரண்டான். கடைசியில் ரோட்டைத் தாண்டி நானாவின் கடைக்கு முன்னால் இருக்கிற சாக்கடைக் கானுக்குள் பாய்ந்து தண்ணீரில் உட்கார்ந்துகொண்டான். நான் பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே என் வாய் என்னைக் கேட்காமல், "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்டா" என்று சொன்னது. ஒரு நாயிடம்.

நானா தராசை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னா டொக்டர், என்னத்தப் பூசினீங்க? கடை வாசல்வரைக்கும் கறுவா மணக்குது."

கானிலிருந்து அவனைத் தூக்க கையை நீட்டினேன். அவன் என் கையை முகர்ந்தான், உடம்பைச் சுருக்கிக்கொண்டு பின்னால் போனான். ஆறு வருடத்தில் அவன் என்னைக் கண்டு பின்னால் போனது அதுதான் முதல் தடவை. நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மனைவி கோயிலிலிருந்து வந்தாள். கேற்றைத் திறந்து ஒரு கால் உள்ளே வைத்தவள், மற்றக் காலை எடுத்து வைக்காமல் மூக்கை உறிஞ்சினாள்.

"பத்தொன்பதா?" என்றாள்.

தலையைக் குனிந்தேன். நெற்றியில் விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு, கண்ணில் துர்க்கை. கோயிலிலிருந்து வந்த வாயால் ஏச வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, ஏசவில்லை. "சத்தியம் பண்ணது நீங்க. அவ வந்து கேப்பா. நீங்களே பதில் சொல்லிக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருக்கலாம். அன்றைக்கு முழுவதும் அவளே வாளியில் தண்ணீர் கொண்டுபோய் அவன்மேல் ஊற்றிப் பார்த்தாள். எண்ணெய் தண்ணீருக்கு அசையவில்லை.

திங்கட்கிழமை காலையில் கதவு திறக்கும் முன்பே மிருக வைத்தியரின் அலுவலக வாசலில் இருந்தோம். திரீவீல் ஆட்டோவில் வந்த வழியெல்லாம் அவன் மனைவியின் மடியில் தலையை வைத்திருந்தான். நான் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தேன். வைத்தியர் கண்ணாடி போட்ட, சிறிய உருவம் கொண்ட ஒரு பெண். அவனை மேசையில் ஏற்றியதும் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து சிங்களத்தில் கேட்டார், "இது நாயா, புரியாணியா?"

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று மனைவி சொன்னாள். வைத்தியர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

பிறகு முடியை விலக்கி, வாலடியில் இருந்த கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சில் தட்டிக் காட்டினார். பொடி கரைந்து பஞ்சில் சிவப்பாகப் பரவியது. தெள்ளுப்பூச்சி குடித்த இரத்தம், தெள்ளின் கழிவு என்றார். அவனுக்கு வந்திருந்தது வெறும் தெள்ளுக்கடி அரிப்பு. சில நாய்களின் உடம்புக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாதாம், நாலு தெள்ளு கடித்தாலே போதுமாம். ஒரு மாத்திரையிலும் கொஞ்சம் கழுவலிலும் அடங்கியிருக்க வேண்டியது. இப்போது தெள்ளுக்கடிக்கு மேலே தோல் வெந்த புண்ணும் சேர்ந்துவிட்டது. கராம்பு எண்ணெய் நாயின் தோலுக்கு ஆகவே ஆகாது, நக்கினால் வயிற்றுக்கும் கேடு என்றார். படுக்க என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். தோட்டத்திலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த பழைய மிளகுச் சாக்கு என்றாள் மனைவி. தெள்ளு குடும்பத்தோடு குடியிருப்பது அங்கேதான், அதை எரித்துவிடுங்கள் என்றார். ஆக, சாக்கும் என் கைங்கரியம்தான்.

வீட்டில் செய்ய வேண்டியதை அவர் விரல் மடக்கிச் சொன்னார். மாத்திரையை அன்றைக்கே கொடுக்க வேண்டும். அவர் தருகிற ஷாம்புவைப் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் எண்ணெய் மணம் போகும்வரை கழுவ வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு தரம் அதே ஷாம்பு, நுரையைப் பத்து நிமிடம் அப்படியே ஊற விட்டுத்தான் கழுவ வேண்டும். கால் விரல் இடுக்குவரை ஈரம் துடைக்க வேண்டும். படுக்கைத் துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். புண்ணை நக்க விடாமல் கழுத்தில் கூம்பு கட்ட வேண்டும்.

"வேறென்ன பூசணும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஒன்றும் பூசக் கூடாது" என்றார். "மஞ்சள், வேப்பெண்ணெய், உங்கள் முகத்துக்குப் போடுகிற கிரீம், எதுவும் கூடாது. சும்மா இருக்க வேண்டும். முடியுமா?"

பேசியே பிழைக்கிறவனிடம் சும்மா இருக்கச் சொன்னால் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் போல. கூம்பு அவரிடம் கைவசம் இல்லை. வீட்டில் ஏதாவது வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு வீட்டு வாசலில் நடந்த குளிப்பாட்டல் சந்து முழுவதற்கும் ஒரு காட்சி. நான் கிட்டப் போனாலே அவன் நடுங்கியதால் மனைவிதான் தேய்த்தாள். எனக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிற உத்தியோகம். ஒரு தடவை ஷாம்பு போட்டுக் கழுவினோம். "போதும்" என்றேன். எதிரே கடைப் படியில் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் நாயைத் தொடமாட்டார், வாசலுக்கு வந்தால் தூர நின்று பேசுவார், ஆனால் தினமும் பின்னேரம் கடைப்படி ஓரத்தில் அவனுக்கென்று ஒரு பணிஸ் ரொட்டி வைப்பார்.

"போதாது டொக்டர்," என்றார். "மணம் இங்கவரைக்கும் வருது. ஏழு தடவ கழுவுங்க."

"அது என்ன கணக்கு நானா?"

"நாய்ட ஈரம் பட்டா நாங்க ஏழு தடவ கழுவுவோம். இது ஒங்கட கை பட்ட நாய். அதையும் ஏழு தடவ கழுவத்தானே வேணும்?"

மனைவி சிரித்து சிரித்து ஷாம்பு போத்தலைக் கீழே போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் அவள் சிரிக்கிறாள். அதற்காகவே நான் அந்தக் கேலியை வாங்கிக்கொண்டேன். நானா படியில் நின்றபடி ஒன்று, ரெண்டு என்று எண்ணினார். ஐந்தாவது கழுவலில் கறுவா போனது. கராம்பு பிடிவாதக்காரன். ஏழாவதில்தான் நானா மூக்கை உயர்த்தி, "ஹா, இப்ப நாய் மணக்குது. அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

கூம்புக்கு வீட்டில் தேடினோம். கடைசியில் அலமாரிக்கு மேலே இருந்த பழைய எக்ஸ்ரே படங்கள் கைக்கு வந்தன. மனைவியின் முதுகெலும்பு ஒன்று, என் முழங்கால் ஒன்று. இரண்டையும் சேர்த்து வளைத்து, தைத்து, கழுத்தை அறுக்காமல் ஓரத்தில் துணி வைத்து மனைவி ஒரு கூம்பு செய்துவிட்டாள். அவள் தையல்காரி, ஒரு மணி நேரத்தில் முடித்தாள். அதைக் கட்டிக்கொண்டு அவன் வெயிலில் நடந்தால் என் முழங்கால் சில்லு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். "டொக்டர், நாய்க்கு ஒரு முழங்கால் கூடியிரிக்கி" என்றார் நானா.

சிரிப்பெல்லாம் ஒருபுறம். அன்றிலிருந்து கடை முனையில் எனக்காக யாரும் நிற்கவில்லை. வேலை முடிந்து நான் கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டாலே கூம்பு சுவரில் இடிபடுகிற சத்தம் கேட்கும். அவன் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஒளிந்துகொள்கிற அவசரம் அது. நாள் முழுவதும் தைலத்துக்குள் நிற்கிற என் சட்டையில் பத்தொன்பதாம் நம்பரின் மணம் ஊறிப்போயிருந்தது. அவனுக்கு நானும் அந்தப் போத்தலும் வேறு வேறு இல்லை.

இதற்கு வழி சொன்னவரும் நானாதான். "சட்டைய மாத்திக்கிட்டுப் போங்களே" என்றார். கடையின் பின்பக்கக் குழாயில் முகம் கை கழுவி, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று வேறு சட்டை போட்டுக்கொண்டு போவது வழக்கமாயிற்று. ஐம்பது வயதில், சொந்த வீட்டுக்குள் நுழைய, எதிர்வீட்டில் வேஷம் மாற்றிக்கொண்டு போகிறவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதை விடப் பெரிய நாடகம் மகளின் வீடியோ கோல். அவள் தினமும் பின்னேரம் எடுப்பாள், எடுத்தவுடன் அவனைக் காட்டச் சொல்வாள். மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "நான் காட்டிக் குடுக்க மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன். போன நீங்களே புடிச்சுக்கோங்க." கூம்பைக் கழற்றி அவள் அவனை மடியில் வைத்துக்கொள்வாள். நான் எட்ட நின்று போனை நீட்டி அவனுடைய இடது பக்கத்தை மட்டும் காட்டுவேன். இடது காது, இடது கண், இடது கால், எல்லாம் மகா அழகு.

"ஏன்ப்பா அவன் அந்தப் பக்கமே பாக்குறான்?"

"பூனை போகுது."

மறுநாளும் பூனை போனது. அதற்கு அடுத்த நாள் கோழி போனது. ஒருநாள், கோயில் யானையே போகிறது என்று சொல்லப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். போனை வைத்த பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு வெட்கமாக இருக்கும். நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் மகளிடம் ஒரு வரியைச் சொல்ல வரவில்லை. அவள் லீவுக்கு வருவதற்குள் முடி முளைக்க வேண்டும், அவன் பழையபடி என்னிடம் வர வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல். வந்து அவனிடமே கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள். என்னைக் கண்டதும் தாங்கிக்குக் கீழே ஓடுகிற நாயை விடப் பெரிய சாட்சி எது?

திருப்பம் ஷாம்புவில் வந்தது. அந்தப் பத்து நிமிடம் நுரையோடு அவனை நிறுத்தி வைப்பது மனைவிக்குப் பெரும்பாடு. மூன்றாவது நிமிடத்தில் உதறிக்கொண்டு ஓடப் பார்ப்பான். ஒருநாள் நான் வாளியோடு எட்ட நின்றுகொண்டு, அவனைப் பார்க்காமல், சும்மா வாய் போன போக்கில் ஆரம்பித்தேன். "வாங்க ஐயா வாங்க, இந்தப் பக்கமா வாங்க. இது மிளகுக் கொடி. இது கறுவா, பட்டைய இப்படித்தான் உரிக்கிறது." அவன் காது இரண்டும் நிமிர்ந்தன. உதறவில்லை. நான் சாதிக்காய்க்குப் போனேன், ஏலத்துக்குப் போனேன், கொக்கோவுக்குப் போனேன். நுரை மீசையோடு, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டான். போத்தல்கள் இருக்கிற கூடத்துக்கு நான் வந்துசேரச் சரியாகப் பத்து நிமிடம். கூடத்துக்குள் மட்டும் அவனை அழைத்துப் போகவில்லை. அங்கே வாயை மூடிக்கொண்டேன்.

"நிப்பாட்டாதீங்க, நிக்கிறான்" என்றாள் மனைவி மெதுவாக.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு தரம் அவனுக்கென்று ஒரு சுற்றுலா நடத்தினேன். நான் பேசப் பேச அவள் கழுவினாள். நாலாவது தடவை நான் கழுவினேன். அவன் கொஞ்சம் நடுங்கினான், ஆனால் நின்றான். தண்ணீர் மட்டும்தான், வேறொன்றும் இல்லை என்று உள்ளங்கையை விரித்துக் காட்டிக் காட்டிக் கழுவினேன். சாக்குக்குப் பதிலாக விரித்த புதுத் துணியை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் ஊறப் போட்டேன். சீப்பால் வாரித் தெள்ளு இருக்கிறதா என்று வாலடியைப் பார்த்தேன். மற்றபடி வைத்தியர் சொன்ன மாதிரிச் சும்மா இருந்தேன். புண் காய்ந்து உதிர்ந்தது. வெறுந்தோலில் பூனைமயிர் மாதிரி மெல்லிசாக முடி தெரிந்தது. எக்ஸ்ரே கூம்பு அலமாரிக்கு மேலே திரும்பிப் போயிற்று.

ஆனாலும் சட்டையை மாற்றாமல் வீட்டுக்குப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடை முனையில் அவன் நிற்கவும் இல்லை.

அந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்து பஸ் ஒன்று வந்தது. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிக் கூடத்துக்கு வந்தேன். ஏழு சொன்னேன், பதினொன்று சொன்னேன். பத்தொன்பதை எடுத்தபோது, முன்வரிசையில் நின்ற வெள்ளைச் சேலை அம்மா ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, எங்கட வீட்டு நாய் ஒரே சொறிஞ்சுகொண்டு நிக்குது. இது அதுக்கும் பூசலாமோ?"

கல்லாவில் முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு விநாடியில் என் வாயில் வசனம் தயாராக நின்றது. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அது வெளியே வரவில்லை. கானுக்குள் உட்கார்ந்து என் கையை முகர்ந்த முகம்தான் வந்தது.

"பூசிறாதீங்கம்மா," என்றேன். "நான் பூசினேன். எங்க நாய்க்குத் தோலு வெந்துபோச்சு. அது வெறும் தெள்ளு. மிருக டொக்டர்கிட்ட ஒரு மாத்திர வாங்கிக் குடுத்து, அவங்க குடுக்குற ஷாம்புவப் போட்டுக் கழுவுங்க, அது போதும். எம் மகள்ட்ட சத்தியம் பண்ணிட்டு, மீறித்தான் பூசினேன். அவகிட்ட இன்னும் சொல்லக்கூட இல்ல. இந்த மணத்தோட அவன் கிட்டப் போக எனக்கு இன்னும் பயமா இருக்கும்மா."

முதலாளி இருமினார். நான் என்ன பேசிவிட்டேன் என்று எனக்கே திகைப்பாக இருந்தது. வெள்ளைச் சேலை அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப முழங்கால் நோவுக்கு என்ன நம்பர் சொன்னனீங்கள்? அதில ரெண்டு தாங்கோ. பொய் சொல்லாத ஆளிட்ட வாங்கலாம்" என்றார்.

சிரிப்பு எழுந்தது. நானும் சிரிக்கப் போய்த் தலையை நிமிர்த்தினேன். கூட்டத்துக்குப் பின்னால், வாசலில், தோளில் பையோடு என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

லீவு ஒருநாள் முந்தியே விட்டுவிட்டார்களாம். மட்டக்களப்பு பஸ் எங்கள் தோட்டத்து வாசலைத் தாண்டித்தான் டவுனுக்குப் போகும், அப்பாவோடு சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்று இறங்கியிருக்கிறாள். அவள் கிட்ட வந்தாள்.

"வலது பக்கமா?" என்றாள்.

"என்னது?"

"புண்ணு. வலது பக்கமான்னு கேக்குறேன். ஒரு மாசமா எடது காதையே காட்டுறீங்க. அப்பப்பா, எத்தன பூனை! எனக்குத் தெரியாதாப்பா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசில முப்பது பேருக்குச் சொன்னீங்க, எனக்குச் சொல்லல." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிரும்மா" என்றேன். பதினோரு வருடங்களாக அந்தக் கூடத்தில் நான் பேசிய பேச்சிலேயே அதுதான் மிகச் சின்னது.

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் உக்குவளை வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கி, அவள் பையை நான் தூக்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பியபோது, மண்நிறத்தில் ஒன்று பாய்ந்து வந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் அவள் முகத்தை நக்கினான், சுற்றினான், முனகினான், மறுபடி நக்கினான். அவள் அவனைத் திருப்பி, வலது பக்கத்தில் புதிதாக முளைத்த முடியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "சொல்லுடா, அப்பா என்ன பண்ணாரு?" என்று கேட்டாள்.

அவன் அவளை விட்டு என் பக்கம் திரும்பினான். அப்போதுதான் எதிரே கடையிலிருந்து நானா பதறிப்போய்க் கத்தினார்:

"டொக்டர்! சட்ட! சட்டைய மாத்தலயே!"

குனிந்து பார்த்தேன். தைலம் தெறித்த அதே வேலைச் சட்டை. பையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவன் வந்தான். சட்டை நுனியை முகர்ந்தான். இரண்டு தரம் தும்மினான். ஒரு கணம் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான்.

பிறகு எனக்கு ஓரடி முன்னால் போய், வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.